செயற்கைக்கோள் எழுதும் வெப்பநிலைக் கணக்கு

செயற்கைக்கோளில் தெர்மாமீட்டர் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் காற்றின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு அல்ல. 850 கிலோமீட்டர் உயரத்தில் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காற்று ஏது? அப்படியானால் "போன மாதம் பூமியின் வளிமண்டலம் சராசரியைவிட இத்தனை டிகிரி அதிகம்" என்று மாதம் தவறாமல் ஒரு எண் வெளியாகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

இயற்பியல் பாடம் என்று நினைத்து ஓடிவிட வேண்டாம். பி.காம் மக்களே, இதில் பாதிக்கு மேல் கணக்குப்பதிவியல்தான் :-)

முதலில் கொஞ்சம் இயற்பியலை முடித்துவிடலாம். காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். மதுரையானாலும் மாஸ்கோவானாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. ஆக்சிஜன் மூலக்கூறுகள் 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி மிக மெல்லிய மைக்ரோவேவ் கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. காற்று சூடாக இருந்தால் கொஞ்சம் அதிகமாக, குளிர்ந்திருந்தால் கொஞ்சம் குறைவாக. அந்தக் கதிர்வீச்சை மேலிருந்து அளந்தால் காற்றின் வெப்பநிலையைக் கணக்கிட்டுவிடலாம். மெல்லிய மேகம் இருந்தாலும் மைக்ரோவேவ் பெரும்பாலும் கடந்து வந்துவிடும் என்பது கூடுதல் வசதி.

எந்த உயரத்துக் காற்று என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி உண்டு. 60 கிகாஹெர்ட்ஸுக்கு நெருக்கமாகப் போகப்போக, ஆக்சிஜன் அந்தக் கதிர்வீச்சைத் தானே பலமாக உறிஞ்சிக்கொள்கிறது. கீழேயிருந்து கிளம்பியது மேலே வந்து சேராது. உச்சியில் கிளம்பியது மட்டும்தான் வரும். சற்று விலகிய அதிர்வெண்ணில் கேட்டால் ஆழத்திலிருந்தும் வரும். எம்.எஸ்.யூ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கருவி இப்படி நான்கு சேனல்களில் கேட்டது. 53.74 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய இரண்டாவது சேனல் வளிமண்டலத்தின் கீழடுக்கின் நடுப்பகுதிக்கு. 57.95-இல் இயங்கிய நான்காவது சேனல் அதற்கும் மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியரின் கீழ்ப்பகுதிக்கு.

இந்தக் கருவி முதலில் 1978 அக்டோபரில் டைரோஸ்-என் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் ஏறியது. 25.6 வினாடிக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பூமியில் 11 இடங்களைப் பார்க்கும். பிறகு விண்வெளியின் வெறும் இருட்டைப் பார்க்கும், அது 2.7 கெல்வின் என்பது தெரிந்த விஷயம். பிறகு தனக்குள்ளேயே இருக்கும் ஒரு சூடான தகட்டைப் பார்க்கும். முதல் வரியில் சொன்ன தெர்மாமீட்டர் அந்தத் தகட்டில்தான் ஒட்டியிருக்கிறது. தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு; பூமியின் எண் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் முடிந்தது.

முடியவில்லை. கதையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தக் கருவி நாளைய வானிலையைச் சொல்வதற்காகச் செய்யப்பட்டது. நாளை மழை வருமா என்று சொல்ல, கால் டிகிரி முன்னே பின்னே இருந்தால் குடிமுழுகிவிடாது. பருவநிலை மாற்றம் என்பது வேறு விவகாரம். பத்து வருடத்துக்கு 0.1 டிகிரி, 0.2 டிகிரி என்ற கணக்கு அது. ஒரு கருவியின் ஆயுள் சில வருடங்கள்தான். எனவே ஒன்று போனால் இன்னொன்று என்று ஒன்பது செயற்கைக்கோள்களில் எம்.எஸ்.யூ பறந்தது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பறந்த மாதங்களை வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, பழையதின் இறுதி இருப்பைப் புதியதின் தொடக்க இருப்பாகக் கொண்டுவர வேண்டும். சில இடங்களில் அந்தச் சேர்ந்து பறந்த காலமே மிகக் குறைவு. 1980களின் நடுவில் வந்த நோவா-9 அப்படி ஒரு தலைவலி. அங்கே ஒரு சின்னப் பிழை நுழைந்தால், அதற்குப் பிறகு வரும் எல்லா வருடங்களும் அந்தப் பிழையைச் சுமந்துகொண்டுதான் வரும். கையால் பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வலி புரியும்.

இந்த வேலையை முதலில் எடுத்துச் செய்தவர்கள் இருவர். அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் நாசாவின் மார்ஷல் மையத்தில் இருந்த ராய் ஸ்பென்சர், அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் கிறிஸ்டி. கிறிஸ்டி அதற்கு முன்பு கென்யாவில் மிஷனரி ஆசிரியராகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். வானிலைக்காக அனுப்பப்பட்ட கருவியின் பழைய தரவுகளைத் தூசு தட்டி, அதிலிருந்து பருவநிலைக் கணக்கு எழுதலாம் என்று தோன்றியதே பெரிய விஷயம். 1990 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. 1979 முதல் 1988 வரையிலான பத்து வருடக் கணக்கு. அதில் தெளிவான ஏற்றம் எதுவும் தெரியவில்லை என்றார்கள். அடுத்த வருடம் நாசா இருவருக்கும் பதக்கம் கொடுத்தது.

பத்து வருடம் என்பது மிகக் குறுகிய காலம், ஒரு எல் நினோ வந்தாலே ஆட்டம் கண்டுவிடும் என்பதெல்லாம் அறிஞர்களுக்குத் தெரியும். ஆனால் செய்தி பரவிய விதம் வேறு. தரையில் இருக்கும் வெப்பமானிகள் பூமி சூடாகிறது என்கின்றன. வானத்தில் இருக்கும் கருவி இல்லை என்கிறது. யாரை நம்புவது? நகரத்துக் கான்கிரீட் நடுவே நிற்கும் வெப்பமானியைவிட, உலகம் முழுவதையும் ஒரே கண்ணால் பார்க்கும் செயற்கைக்கோள் நம்பகமானது என்பதுதானே பொதுப்புத்தி? கரியமில வாயு வெளியீட்டைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கு இது கற்கண்டாக இனித்தது. 1990கள் முழுக்க அமெரிக்க அரசியலில் இந்த எண் சுற்றிச்சுற்றி வந்தது. 1990களின் நடுவில் கீழடுக்கின் கணக்கு லேசான இறக்கத்தையே காட்டியது.

அவர்கள் பக்கம் இன்னொரு வலுவான வாதமும் இருந்தது. உலகெங்கும் தினம் இரண்டு வேளை வானிலை பலூன்கள் விடப்படுகின்றன. சென்னை மீனம்பாக்கத்திலும் உண்டு. இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 கணக்குக்காக விடுகிறார்கள். பலூனில் தொங்கும் கருவி நேரடியாகக் காற்றைத் தொட்டு அளக்கிறது. அந்தப் பலூன் கணக்கும் செயற்கைக்கோள் கணக்கும் பொருந்துகின்றன என்றார்கள். இரண்டு தனித்தனிப் புத்தகங்கள், ஒரே விடை. வேறென்ன வேண்டும்?

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் எடுத்த எல்லோரும் படித்த ஒரு சங்கதி உண்டு. இருப்பாய்வு இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது என்பதால் மட்டும் கணக்கு சரி என்று ஆகிவிடாது. பிழைகள் இருந்துகொண்டே இருப்பாய்வு அழகாகப் பொருந்தும். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிற விஷயம். இங்கே அது உலக அளவில் நடந்தது.

முதல் அடி 1998 ஆகஸ்டில். கலிபோர்னியாவின் சான்டா ரோசா நகரில் ரிமோட் சென்சிங் சிஸ்டம்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம், சுருக்கமாக ஆர்.எஸ்.எஸ். (அந்த ஆர்.எஸ்.எஸ் அல்ல!) அதன் ஃப்ராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் 'நேச்சர்' இதழில் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். செயற்கைக்கோள்கள் ஒரே உயரத்தில் நிற்பதில்லையே, அதைக் கணக்கில் எடுத்தீர்களா?

அவ்வளவு உயரத்திலும் துளியூண்டு காற்று இருக்கிறது. அதில் உரசி உரசிச் செயற்கைக்கோள் மெல்லக் கீழே இறங்கும். சூரியன் உக்கிரமாக இருக்கும் வருடங்களில் மேல்காற்று உப்பி, உரசலும் கூடும். சில கிலோமீட்டர் இறங்கினால் என்ன பெரிய வித்தியாசம்? கீழடுக்கின் கணக்கு போட்ட முறையில்தான் சிக்கல். நேர் கீழே பார்த்த எண்களுக்கு அதிக எடை கொடுத்து, சாய்வாகப் பார்த்த எண்களை அதிலிருந்து கழித்து, அடியில் உள்ள காற்றை மட்டும் பிரித்தெடுத்தார்கள். செயற்கைக்கோள் இறங்கினால் சாய்வுப் பார்வையின் கோணம் மாறுகிறது. அது இன்னும் ஆழமான, இன்னும் சூடான காற்றைப் பார்க்க ஆரம்பிக்கிறது. கழிக்கப்படும் தொகை கூடுகிறது. விடை குறைகிறது. காற்று குளிரவில்லை, கழித்தல்தான் கூடிவிட்டது! இதைச் சரிசெய்தால் பத்து வருடத்துக்கு 0.05 டிகிரி இறக்கம் என்பது 0.07 டிகிரி ஏற்றமாக மாறும் என்றார்கள் வென்ட்ஸும் ஷாபெலும்.

ஸ்பென்சரும் கிறிஸ்டியும் இந்தப் பிழையை ஏற்றுக்கொண்டார்கள். கூடவே, எதிர்த்திசையில் தாங்கள் கண்டுபிடித்த வேறு திருத்தங்களையும் சேர்த்தார்கள். அதனால் மொத்த விடை எதிர்பார்த்த அளவு மாறவில்லை. சண்டை தொடர்ந்தது.

அந்தச் சின்ன நிறுவனம் அடுத்துச் செய்ததுதான் உண்மையான திருப்பம். விமர்சனத்தோடு நிற்காமல், மூல எண்களை எடுத்துவைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தாங்களே ஒரு தனிக் கணக்கு எழுதினார்கள். அரசு செயற்கைக்கோளின் தரவு எல்லோருக்கும் கிடைக்கும் என்பதால்தான் இது சாத்தியமானது. சான்றுச்சீட்டுகள் முதலாளியின் பீரோவில் பூட்டியிருந்தால் எந்தத் தணிக்கையாளராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் எழுதிய இந்தப் புதிய புத்தகம் கூடுதல் ஏற்றத்தைக் காட்டியது. அப்படியானால் இரண்டில் ஒன்றில் எங்கோ தப்பு. எங்கே?

நேரத்தில். இந்தச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு ஊரையும் தினம் ஒரே நேரத்தில் கடக்கும்படி ஏவப்பட்டவை. ஆனால் நாளடைவில் அந்த நேரம் நழுவுகிறது. 1988-இல் கிளம்பிய நோவா-11 பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்பு கடந்துகொண்டிருந்தது. சில வருடங்களில் அது ஏறக்குறைய மாலை 5 மணி ஆகிவிட்டது. உச்சி வெயில் தாண்டிய நேரத்தில் எடுத்த அளவையும் மாலை மங்கும் நேரத்தில் எடுத்த அளவையும் ஒப்பிட்டால் உலகம் குளிர்வதாகத்தானே தெரியும்? இரவுப் பக்கமும் அப்படியே. நள்ளிரவு தாண்டிய நேரம் விடியற்காலையாக நழுவியது, அதுவும் குளிர்ந்த நேரம். இதற்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். ஹன்ட்ஸ்வில் குழுவும் சேர்த்திருந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தின் குறியே வெப்பமண்டலப் பகுதியில் தலைகீழாக இருக்கிறது என்று 2005 ஆகஸ்டில் மியர்ஸும் வென்ட்ஸும் காட்டினார்கள். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தல். பற்று வைக்க வேண்டியதை வரவில் வைத்தால் பிழை இரண்டு மடங்காகும் என்பது கணக்கெழுதுகிற எல்லோருக்கும் தெரியும்.

ஸ்பென்சரும் கிறிஸ்டியும் மறுக்கவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். பத்து வருடத்துக்கு சுமார் 0.09 டிகிரி என்றிருந்த ஏற்றம் 0.12 ஆனது. அரசியலில் அவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், இந்த ஒப்புதலுக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

சரி, பலூன்? அது எப்படி அதுவரை பொருந்திக்கொண்டிருந்தது? அதே மாதம், அதே இதழில், ஸ்டீவன் ஷெர்வுட் குழுவின் கட்டுரையும் வந்தது. பகலில் விடப்படும் பலூன் கருவியின் மேல் வெயில் அடிக்கிறது. பழைய கருவிகள் வெயிலில் காய்ந்து காற்றின் உண்மையான சூட்டைவிடக் கூடுதலாகக் காட்டின. வருடங்கள் போகப்போக கருவிகளின் வடிவமைப்பு மேம்பட்டது, வெயிலின் பாதிப்பு குறைந்தது. அதனால் காலப்போக்கில் காற்று குளிர்ந்துகொண்டே வருவதுபோல ஒரு மாயத்தோற்றம். ஆக, செயற்கைக்கோளில் ஒரு பிழை, பலூனில் சம்பந்தமே இல்லாத இன்னொரு பிழை. இரண்டும் ஒரே திசையில். பொருந்தாமல் என்ன செய்யும்!

இவ்வளவு நேரம் பேசியது கீழடுக்கு. அதற்கு மேலே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியரின் கதை சுவாரசியமானது, ஆனால் இதைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசுவதில்லை. அங்கே காற்று சூடாகவில்லை, குளிர்கிறது. 1979 முதல் இது தெளிவாகவே தெரிகிறது. இந்தச் சேனலின் எண்களை மாதாமாதம் வெளியிடுவதும் அதே ஸ்பென்சர், கிறிஸ்டி குழுதான்.

"குளிர்கிறதா? அப்புறம் என்ன புவி வெப்பமாதல்?" என்று கேட்பவர்கள் உண்டு. சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் என்ற இருவர் 1967-லேயே பதில் சொல்லிவிட்டார்கள். எம்.எஸ்.யூ மேலே போவதற்கு 11 வருடம் முன்பு! கரியமில வாயு கூடினால் கீழே சூடாகும், ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிரும் என்று அவர்கள் கணக்கு காட்டியது. கீழே கரியமில வாயு ஒரு போர்வை. மேலே காற்று மெலிந்த இடத்தில், ஓசோன் சூரிய ஒளியைப் பிடித்துச் சேர்க்கும் வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பும் வேலையையும் அதுதான் செய்கிறது. வாயு கூடினால் அனுப்புவதும் கூடும். மனாபேவுக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது 2021-இல்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. சூரியன் உக்கிரமானதால்தான் பூமி சூடாகிறது என்று வைத்துக்கொண்டால், மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். கீழே சூடு, மேலே குளிர் என்ற இந்தக் கலவையைச் சூரியனால் தர முடியாது. குற்றவாளியின் கைரேகை மாதிரி. ஆனால் ஸ்ட்ராட்டோஸ்பியரின் கீழ்ப்பகுதியில் இந்தக் கைரேகை கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. அங்கே ஓசோன் குறைந்ததும் குளிர்ச்சிக்குப் பெரிய காரணம். 1982-இல் எல் சிச்சோன், 1991-இல் பினாடுபோ என்று எரிமலைகள் வெடித்தபோதெல்லாம் அந்தப் பகுதி ஓரிரு வருடம் சூடாகி மறுபடி இறங்கியது. 1990களின் இறுதிக்குப் பிறகு இறக்கத்தின் வேகமும் குறைந்துவிட்டது. ஓசோனைத் தின்ற ரசாயனங்களைக் கட்டுப்படுத்திய 1987-ஆம் வருட மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு இதில் பங்குண்டு.

இன்னும் மேலே போனால் கைரேகை தெளிவாகும். அங்கே பார்த்தது எஸ்.எஸ்.யூ என்ற இன்னொரு கருவி, பிரிட்டிஷ் வானிலைத் துறையுடையது. ஒரு சின்னக் கலத்துக்குள் கரியமில வாயுவை அடைத்து, அதை வடிகட்டி மாதிரி வைத்து அகச்சிவப்பு ஒளியை அளந்தது. அந்தக் கலத்திலிருந்து வாயு மெல்லக் கசிந்தது! கசியக் கசியக் கருவி பார்க்கும் உயரம் மாறியது. அதையும் திருத்த வேண்டியிருந்தது. 2012-இல் பிரிட்டிஷ் குழுவின் கணக்கையும் அமெரிக்க நோவா அமைப்பின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒரே கருவியின் எண்களிலிருந்து இரண்டு வெவ்வேறு விடைகள் வந்திருப்பது தெரிந்தது. பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து சரிகட்டினார்கள். வங்கிச் சரிகட்டும் பட்டியல் மாதிரிதான். 2023-இல் பென் சான்டர் குழு மேல் ஸ்ட்ராட்டோஸ்பியரையும் சேர்த்துப் பார்த்தது. மனிதச் செயலின் அடையாளம் இயற்கையான ஏற்ற இறக்கத்திலிருந்து முன்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு தெளிவாகப் பிரிந்து தெரிந்தது.

மேலடுக்கின் குளிர்ச்சி கீழடுக்கின் கணக்கிலும் கைவைத்திருந்தது என்பது இன்னொரு வேடிக்கை. இரண்டாவது சேனல் கீழடுக்குக்கானது என்றாலும், அதற்கு வரும் சமிக்ஞையில் ஒரு சிறு பங்கு ஸ்ட்ராட்டோஸ்பியரிலிருந்து வருகிறது. அங்கே குளிர்ந்தால் இந்த எண்ணும் இறங்கும். சியாங் ஃபூ குழு 2004-இல் நான்காவது சேனலை வைத்து இந்தக் கலப்படத்தைக் கழித்துக் காட்டியது. கீழடுக்கின் ஏற்றம் இன்னும் கூடியது.

இத்தனைக்குப் பிறகும் அரசியல் மேடையில் இந்த எண்ணுக்கு மவுசு குறையவில்லை. 2015 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் டெட் குரூஸ் நடத்திய விசாரணையில், செயற்கைக்கோள் கணக்குப்படி 18 வருடமாகக் குறிப்பிடத்தக்க வெப்பமேற்றம் இல்லை என்று வரைபடம் காட்டினார்கள். கிறிஸ்டியும் அங்கே சாட்சி சொன்னார். 18 வருடம் என்றால் தொடக்கம் எங்கே வருகிறது பாருங்கள்: 1997-98, அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று நடந்த நேரம். தீபாவளி மாத விற்பனையை அடிப்படையாக வைத்து "வியாபாரம் வளரவே இல்லை" என்று சொல்வது போல. இன்னொரு வேடிக்கை, அந்த வரைபடத்தில் இருந்தது ஆர்.எஸ்.எஸ் நிறுவனத்தின் எண்கள். அதை எழுதிய மியர்ஸோ, செயற்கைக்கோள் கணக்கைவிடத் தரை வெப்பமானிகளின் கணக்கையே தான் அதிகம் நம்புவதாகச் சொல்லியிருக்கிறார். தன் புத்தகத்தில் எத்தனை திருத்தம் இருக்கிறது என்று எழுதியவருக்குத்தானே தெரியும்!

அடுத்த இரண்டு வருடங்களில் ஆர்.எஸ்.எஸ் தன் கணக்கை மறுபடி திருத்தியது, ஏற்றம் கூடியது. அதற்குச் சற்று முன்பு, 2015-இல், ஹன்ட்ஸ்வில் குழு ஆறாவது பதிப்பை வெளியிட்டது. அதில் ஏற்றம் குறைந்தது. மேலே பறப்பது அதே செயற்கைக்கோள்கள். கீழடுக்குக்கு ஒருவர் பத்து வருடத்துக்கு 0.15 டிகிரியை ஒட்டிச் சொல்கிறார், இன்னொருவர் 0.2-ஐத் தாண்டுகிறார். இறக்கம் என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. ஹன்ட்ஸ்வில் கணக்கிலேயே 2024-தான் 1979-க்குப் பிறகு மிகச் சூடான ஆண்டு.

மீதி வித்தியாசத்தில் ஒரு பெரிய பங்கு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பழைய வகைக் கருவியோடு நோவா-14-உம், 1998-இல் ஏவப்பட்டு ஏ.எம்.எஸ்.யூ என்ற புதிய வகைக் கருவியோடு வந்த நோவா-15-உம் சேர்ந்து பறந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே போயின. நோவா-14 பொய்யாகச் சூடு காட்டுகிறது என்று முடிவுகட்டி, அந்தக் காலத்து எண்களை ஹன்ட்ஸ்வில் குழு ஒதுக்கிவைத்தது. எது பொய் என்று தீர்மானிக்க ஆதாரம் போதாது, இரண்டையும் சேர்த்துக்கொள்வோம் என்றது ஆர்.எஸ்.எஸ். நோவா அமைப்பிலேயே செங்-ஜி சோ குழு எழுதும் மூன்றாவது புத்தகம் ஒன்று இருக்கிறது. 2023-இல் அவர்கள் வேறு வழியில் போனார்கள். நேரம் நழுவாமல் நிலையாகப் பறந்த பிற்காலச் செயற்கைக்கோள்களை அடிப்படையாக வைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கெழுதினார்கள். நடுப்பகுதிக்கு அவர்களுக்கு வந்த விடை ஹன்ட்ஸ்வில் பக்கம் நெருங்கியது. முன்பு அதிகம் காட்டிய புத்தகம் அவர்களுடையது.

நோவா-15 எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமாக உழைத்து, 27 வருடம் கழித்து 2025 ஆகஸ்டில் அணைக்கப்பட்டது. நோவா-14 அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிட்டது. இரண்டும் அனுப்பிய மூல எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, வேண்டியவர் எடுத்துப் பார்க்கலாம்.